சல்லடைக் கழிவில் சேரும் களை விதைகள்: ஆட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகுமா?

கேள்வி
எழுதியவர்: கரிசல் ஆட்டுக்காரர்

வணக்கம். எட்டயபுரம் பக்கம் மானாவாரிக் கரிசலில் உளுந்து, பாசி, கம்பு, குதிரைவாலி விளைவிக்கும் உழவர்கள் சிலர் சேர்ந்து ஒரு தானியச் சுத்திகரிப்பு இயந்திரத்தை நடத்தி வருகிறோம். தை, மாசி மாதங்களில் தானியம் வந்து இறங்கும்போது, காற்றில் பறந்துவிடும் சண்டும் தூசியும் போக, அடிச் சல்லடையின் கீழ் மூட்டை மூட்டையாகக் கழிவு சேர்கிறது. உடைந்த பருப்பு, சூம்பிய மணி, மண் ஆகியவற்றோடு அதில் களை விதைகள் ஏராளமாகக் கிடக்கின்றன. வயலில் முளைக்கும் காட்டுக் குதிரைவாலிப் புல், பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, நாய்க்கடுகு ஆகியவற்றின் விதைகள் எனக்கு அடையாளம் தெரிந்தவை. தெரியாதவையும் உண்டு.

இதுவரை இந்தக் கழிவைக் களத்து ஓரத்தில் கொட்டி எரித்துவிடுவது வழக்கம். பிண்ணாக்கும் தவிடும் விற்கிற விலையைப் பார்க்கும்போது அப்படி எரிப்பதற்கு மனம் ஒப்பவில்லை. என்னிடம் வேம்பூர் ஆடுகளும், வீட்டுத் தேவைக்கு மேலாகக் கொஞ்சம் நாட்டுக்கோழிகளும் இருக்கின்றன. அண்மையில் வந்த தீவன வியாபாரி ஒருவர், கழிவைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, இதில் கம்பைவிடப் புரதம் அதிகம், அப்படியே அரைத்துப் போடலாம் என்று சொல்லி, மொத்தத்தையும் விலைக்குக் கேட்டார். காசு கொடுத்து வாங்க ஒருவர் முன்வருகிறார் என்றால், அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

ஆடு மேயும்போது இந்தச் செடிகளையெல்லாம் விதையோடுதான் தின்கிறது. கோழியும் களத்தில் இவற்றைத்தான் கிளறிப் பொறுக்குகிறது. அப்படியிருக்க, மூட்டையாகச் சேர்த்துக் கொடுப்பதில் என்ன வேறுபாடு வந்துவிடப் போகிறது என்று எங்கள் குழுவில் சிலர் கேட்கின்றனர். களை விதைகளின் உண்மையான தீவன மதிப்பு என்ன, எவற்றை அறவே தவிர்க்க வேண்டும், வேகவைத்துக் கொடுப்பதா அரைத்துக் கொடுப்பதா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1
எழுதியவர்: தீவனத்துறை மருத்துவர்

வியாபாரி சொன்ன புரதக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மக்காச்சோளத்தில் புரதம் 8 முதல் 9 விழுக்காடு, கம்பில் 11 முதல் 12 வரை. காட்டுக் குதிரைவாலி விதையில் ஏறத்தாழ 10 விழுக்காடு உள்ளது. நாம் உண்ணும் குதிரைவாலியே அந்தப் புல்லினத்திலிருந்து பயிராக்கப்பட்டதுதான். பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் தண்டுக்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்து விதைகளில் கரு பெரிதாக, மாவுப் பகுதியைச் சுற்றி வளையமாக அமைந்திருப்பதால், விதையின் அளவுக்குப் புரதமும் எண்ணெயும் தானியத்தைவிடக் கூடுதல். தண்டுக்கீரை விதையில் புரதம் 13 முதல் 17 விழுக்காடு வரை இருப்பதோடு, தானியங்களில் குறைவாகக் காணப்படும் லைசின் என்னும் அமினோ அமிலமும் அதில் நிறைவாக இருக்கிறது. தகரை விதையில் புரதம் 20 விழுக்காட்டை ஒட்டி வரும். ஆகவே பொதுவாகப் பார்த்தால், களை விதை தானியத்துக்கும் உளுந்தம் பொட்டுக்கும் இடைப்பட்ட ஒரு பொருள். கடலைப் பிண்ணாக்கின் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட புரதத்துக்கு அது ஈடாகாது.

இந்த எண்ணைக் கொண்டு மட்டும் விலை பேசக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. ஆய்வகத்தில் புரதம் என்று எழுதித் தருவது, பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி வரும் விடை. சில செடிகளில் உள்ள நச்சுப்பொருள்களான அல்கலாய்டுகளிலும் நைட்ரஜன் உண்டு. அதுவும் அந்தக் கணக்கில் புரதமாகவே சேர்ந்துவிடும். அடுத்து, விதை சிறுத்துப் போகப் போக மாவைவிடத் தோலின் பங்கு கூடுகிறது. நார்ச்சத்து உயர்ந்து செரிமானம் குறைகிறது. தோல் உடையாத சிறு விதை ஆட்டின் வயிற்றில் நுழைந்தபடியே புழுக்கையில் வெளியேறும்போது, அதிலுள்ள சத்து 10 விழுக்காடானாலும் 20 விழுக்காடானாலும் ஆட்டுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவதாக, மண். அடிச் சல்லடைக் கழிவில் கரிசல் மண் எவ்வளவு சேரும் என்பதை நீங்களே அறிவீர்கள். மாட்டுக்கான கலப்புத் தீவனத்தில் அமிலத்தில் கரையாத சாம்பல், அதாவது மணல், 3 முதல் 4 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு. உங்கள் கழிவு அந்த வரம்புக்குள் வருவது கடினம். ஒரு படி கழிவை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி ஊற்றி, அடியில் தங்குவதைப் பாருங்கள். வியாபாரிக்கு நீங்கள் எதை விற்கிறீர்கள் என்பது விளங்கிவிடும்.

மேய்ச்சலில் தின்பதற்கும் மூட்டையாகக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: மேயும் ஆடு முகர்ந்து விலக்கும், கசப்பென்றால் துப்பும். அரைத்துத் தவிட்டோடு கலந்துவிட்டால் அந்தத் தேர்வு அதன் கையை விட்டுப் போய்விடுகிறது. ஆகவே அடையாளம் தெரியாத விதைகள்தான் இங்கே முதன்மையானவை. ஒரு வெள்ளைத் தாளில் 100 கிராம் கழிவைப் பரப்பி, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, கீழ்க்கண்டவை உள்ளனவா என்று பாருங்கள்.

ஊமத்தை விதை தட்டையாக, சிறுநீரக வடிவில், பழுப்பு நிறத்தில், மேற்பரப்பில் நுண்ணிய குழிகளோடு இருக்கும். பிரம்மதண்டின் விதை கருமையாக, உருண்டையாகக் கடுகைப் போலவே தோன்றும். உற்றுப் பார்த்தால் வலைப்பின்னலான குழிகளும், ஓர் ஓரத்தில் மெல்லிய வரம்பும் தெரியும். 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் கலந்து பலரை உடலில் நீர் கோத்து வீங்கும் நோயில் தள்ளியது இந்த விதையின் எண்ணெய்தான். கிலுகிலுப்பை விதை பளபளப்பாக இருக்கும். அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும், அந்தப் பாதிப்பும் தின்ற அன்றே தெரியாமல் வாரங்கள் சென்று வெளிப்படும். பேயாவரை விதை, மேலே சொன்ன தகரை விதைக்கு உறவானது. ஆனால் தசைகளைச் சிதைக்கும் தன்மை கொண்டது. கோழித் தீவனத்தில் அது சிறு பங்கு கலந்தாலே கால் தளர்ந்து முட்டையும் குறையும். மருளூமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவற்றின் விதைகள் நஞ்சு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒப்பீட்டுக்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் தீவன வரம்புகளைச் சொல்கிறேன்: ஒரு கிலோ தீவனத்தில் நச்சுப்பொருள் உள்ள களை விதைகள் எல்லாம் சேர்ந்து 3000 மில்லிகிராம், அதற்குள் ஊமத்தை 1000 மில்லிகிராம், கிலுகிலுப்பை 100, குன்றிமணி 10. அதாவது அங்கே களை விதையே இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை; எது, எவ்வளவு என்றுதான் கேட்கின்றனர்.

வேகவைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களை வெப்பம் அழிக்கும். கீரை வகை விதைகளையும் தகரையையும் வேகவைத்தோ வறுத்தோ கொடுப்பதில் பொருள் உண்டு. ஊமத்தை, பிரம்மதண்டு, கிலுகிலுப்பை ஆகியவற்றின் அல்கலாய்டுகள் அடுப்பில் ஏற்றிய ஒரு கொதியில் அழிபவை அல்ல. வேகவைத்துவிட்டோமே என்ற துணிவு அங்கே ஆபத்தானது.

இன்னும் இரண்டு. உங்கள் இயந்திரத்தில் எப்போதாவது விதைப்புக்காகப் பூச்சி, பூசண மருந்து கலந்த விதை ஓடியிருந்தால், அன்றைய கழிவு ஒரு பிடிகூடத் தீவனத்தில் சேரக் கூடாது. மேலும், பூசண நச்சான அஃப்ளடாக்சின் முழு மணியைவிட உடைசலிலும் தூளிலும்தான் மிகுதியாகச் சேரும். ஈரமாக மூட்டை கட்டிய கழிவைக் கொடுக்காதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் புரதம், நார், மணல், அஃப்ளடாக்சின் நான்கையும் பார்த்துக் கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பிறகு தேறும் கழிவை அரைத்து, ஆட்டுக்குக் கொடுக்கும் அடர்தீவனத்தில் (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவையில்) பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கி, ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் நிறுத்துங்கள். மாவுச்சத்துள்ள எந்தத் தீவனத்தையும் திடீரென்று கூட்டினால் துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய் வரும் என்பது ஆடு வளர்ப்பவருக்குப் புதிதன்று. தடுப்பூசி போட்ட பிறகே மாற்றத்தைத் தொடங்குங்கள்.

மறுமொழி 2
எழுதியவர்: களை மேலாண்மை ஆர்வலர்

மருத்துவர் ஐயா ஆட்டின் பக்கமிருந்து எழுதியிருக்கிறார். நான் வயலின் பக்கமிருந்து எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேட்டவர் ஊரில் ஆட்டுக்கிடை போடும் பழக்கம், அதாவது மந்தையை இரவில் வயலில் தங்கவைத்து உரமேற்றும் பழக்கம், இன்னும் உயிரோடு இருக்கிறது.

கனடாவின் லெத்பிரிட்ஜ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிளாக்ஷா, ரோட் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், பல களை விதைகளை மாட்டின் முதல் வயிற்றில் 24 மணி நேரம் வைத்து எடுத்து முளைக்க வைத்தனர். காட்டுக் குதிரைவாலி போன்ற சில புல் விதைகள் முற்றிலும் உயிரிழந்தன. அகன்ற இலைக் களைகளின் விதைகளிலோ, இனத்துக்கு ஏற்ப 15 முதல் 98 விழுக்காடு வரை உயிரோடு இருந்தன. பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் புளிக்க வைக்கும் ஊறுகாய்த் தீவனக் குழியில் 8 வாரம் மூடி வைத்தபோது இந்த எண்ணிக்கை 3 முதல் 30 விழுக்காடாகக் குறைந்தது. கெட்டித் தோல்தான் இதற்குக் காரணம். அந்த ஆய்வில் விதைகள் மெல்லப்படவில்லை என்பது உண்மை; ஆடு மெல்லும்போது பெரிய விதைகள் கணிசமாக நொறுங்கும். பண்ணைக்கீரை போன்ற பொடி விதைகள் பல்லுக்கு அகப்படாமல் நழுவி உள்ளே போய்விடும்.

மாட்டுச் சாணமாவது குப்பைக்குழியில் சில மாதம் கிடந்து வெந்து வயலுக்குப் போகிறது. குவியலின் உட்புறம் 55 முதல் 60 டிகிரி வரை சூடேறி, ஓரங்களும் உள்ளே போகுமாறு புரட்டியும் விட்டால் பெரும்பாலான விதைகள் செத்துவிடும். கிடை ஆட்டின் புழுக்கை அப்படியன்று. இரவில் விழுந்து, விடிந்ததும் மண்ணோடு மண்ணாக உழப்படுகிறது. களை விதையை முழுசாகத் தின்ற மந்தையைக் கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவர் நிலத்தில் கிடை போடுவது, அவருக்குத் தெரியாமல் அவர் நிலத்தில் பண்ணைக்கீரையை விதைப்பதற்குச் சமம். அந்த உழவர் மறு ஆண்டு களையெடுப்புக் கூலியைக் கணக்குப் பார்க்கும்போதுதான் விவரம் தெரியும்.

எனவே அரைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அரைத்துவிட்டோம் என்று நம்பிவிடுவதும் போதாது. சுத்தியல் அரவை இயந்திரத்தில் வழக்கமாக மாட்டும் 3 மில்லிமீட்டர் சல்லடை வழியாக, ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விதைகள் அடிபடாமலேயே இறங்கிவிடும். கல் பூட்டிய மாவு மில் இதற்குப் பொருத்தமானது. அரைத்த மாவில் ஒரு கரண்டி எடுத்து, ஈரத் துணியில் பரப்பி, ஒரு வாரம் நிழலில் வைத்துப் பாருங்கள். முளை எட்டிப் பார்த்தால் மறுபடியும் அரைக்க வேண்டும். கிடைக்குப் போகும் மந்தையாக இருந்தால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இந்தத் தீவனத்தை நிறுத்திவிடுவது நல்லது. தின்ற விதையில் பெரும்பகுதி இரண்டு மூன்று நாளில் வெளியேறிவிடும் என்றாலும் கடைசி எச்சம் வெளியேறக் கூடுதல் நாளாகும்.

மருத்துவர் ஐயா சொன்ன ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவு, கிடை ஆட்டுக்கு எனக்கு அதிகமாகவே படுகிறது. கொட்டிலில் கட்டி வளர்ப்பதற்கு அது சரி.

கேட்டவரின் பதில்
எழுதியவர்: கரிசல் ஆட்டுக்காரர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடி தாளில் பரப்பிப் பிரித்துப் பார்த்தேன். எடையில் பெரும்பகுதி உளுந்து உடைசலும் புல் விதையும்தான். பொடி விதையில் பண்ணைக்கீரையே மிகுதி. கறுத்துப் பளபளவென்று இருப்பதால் பிரிக்க எளிதாக இருந்தது. ஊமத்தை தென்படவில்லை. ஆனால் நான் நாய்க்கடுகு என்று எண்ணியிருந்தவற்றில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று சற்றுச் சிறியது, சுருண்ட வடிவில் குறுக்கு வரிகளோடு இருக்கிறது. மற்றது பெரியது, உருண்டை, குழி விழுந்தது. இரண்டாவது பிரம்மதண்டுதானா? அப்படியானால் சல்லடை மாற்றி அதை மட்டும் நீக்க முடியுமா? கோழிக்கு அரைக்காமல் போடலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 3
எழுதியவர்: முகவை மேய்ச்சல்

பிரம்மதண்டு பற்றி மருத்துவர் சொல்வார். விதையை அரைப்பது பற்றி எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றை இங்கே சேர்க்கிறேன். எங்களுக்குக் களையென்றால் முதலில் நினைவுக்கு வருவது சீமைக் கருவேலம்தான்.

1877இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நட்டுத் தொடங்கிய மரம் இன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய், தரிசு, சாலையோரம் என்று இல்லாத இடமில்லை. அதன் நெற்று கோடையில் பழுத்து உதிரும்போது ஆடு மாடு போட்டி போட்டுக்கொண்டு தின்னும். நெற்றில் புரதம் ஏறத்தாழ 12 விழுக்காடு. சதைப்பகுதியில் சர்க்கரை மிகுதி என்பதால்தான் அந்தச் சுவை. புரதத்தின் நல்ல பகுதி உள்ளே இருக்கும் விதையில்தான் அடங்கியிருக்கிறது; விதையில் மட்டும் புரதம் 30 விழுக்காட்டுக்கு மேல். அந்த விதையோ ஓட்டுக்குள் ஓடாக மூடிக் கிடக்கிறது. மாடு நெற்றைத் தின்று சர்க்கரையை எடுத்துக்கொண்டு, விதையைச் சாணத்தோடு ஊரெல்லாம் போட்டுவிடுகிறது. வயிற்றில் ஊறி வந்த விதை முன்னைவிட நன்றாக முளைக்கிறது. இத்தனை காலம் நாம் சத்தை இழந்து மரத்தைப் பெருக்கியிருக்கிறோம்.

முழு நெற்றை அரைத்தால் இரண்டுக்கும் தீர்வு கிடைக்கிறது. ஆனால் காற்றில் ஈரம் இருக்கும்போது அரைத்தால் சர்க்கரை இளகி இயந்திரத்தில் பிசினாக அப்பிக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில், கையில் எடுத்தால் மொறுமொறுவென்று ஒடியும் பதத்துக்கு உலர்த்தி, அன்றே அரைத்துக் காற்றுப் புகாமல் கட்டி வைக்க வேண்டும். நெற்று மாவையும் அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்கிறோம். வேறு தீவனமில்லாமல் மாதக் கணக்கில் நெற்றையே தின்ற மாடுகளுக்குத் தாடை நடுங்கி, முகத்தைச் சாய்த்து மென்று, இளைத்துப்போகும் நரம்பு நோய் வருவதைப் பிரேசில் நாட்டில் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். நெற்றில் உள்ள அல்கலாய்டுகளே அதற்குக் காரணம்.

மறுமொழி 4
எழுதியவர்: தீவனத்துறை மருத்துவர்

உருண்டையாகக் குழி விழுந்திருப்பது பிரம்மதண்டு என்றே கொள்ளுங்கள். சுருண்டு வரிகளோடு இருப்பது நாய்க்கடுகு. இரண்டின் அளவும் நெருங்கியிருப்பதால் சல்லடையால் மட்டும் முழுமையாகப் பிரியாது. இரண்டையும் சேர்த்து நீக்கும் கண்ணைப் பயன்படுத்துங்கள். நாய்க்கடுகோடு கொஞ்சம் எண்ணெய்ச்சத்தும் போகும், போகட்டும். எந்த உழவரின் தானியத்திலிருந்து பிரம்மதண்டு வருகிறது என்பதையும் மூட்டை வாரியாகப் பாருங்கள். அநேகமாக ஒன்றிரண்டு நிலங்களில்தான் இருக்கும். அந்தக் கழிவைத் தனியே வைத்து எரித்துவிடுவதே குறைந்த செலவு.

கோழிக்கு அரைக்காமல் கொடுக்கலாம். அதன் அரைவைப்பையில் கல் துகளோடு சேர்ந்து விதை நன்றாக நொறுங்குவதால், களை பரவும் அச்சமும் ஆட்டைவிடக் குறைவு. உண்மையில் சுத்தம் செய்த உங்கள் கழிவுக்குப் பொருத்தமான வாய் கோழியுடையதுதான் என்பது என் கருத்து. வளர்ந்த கோழிகளுக்குக் களத்தில் தூவிவிடுங்கள். வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடும். மிஞ்சியதை மாலையில் கூட்டி அள்ளிவிட வேண்டும். குஞ்சுகளுக்குக் கொடுக்க வேண்டாம். தண்டுக்கீரை விதையைப் பச்சையாகக் கொடுத்தால் குஞ்சுகளின் வளர்ச்சி குன்றுவதும், சூடுபடுத்திக் கொடுத்தால் அது சீராவதும் ஆய்வுகளில் உறுதியானவை. பண்ணைக்கீரைக்கும் அதே எச்சரிக்கையைக் கடைப்பிடிப்பது நல்லது.

கிடை ஆட்டுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்று நண்பர் சொன்னதை ஏற்கிறேன். பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திவிடுங்கள்.

வியாபாரிக்கு விற்பதாக இருந்தால், பிரம்மதண்டு கலந்த மூட்டைகளை அவரிடம் கொடுக்காதீர்கள். அவர் அதை அரைத்துப் பெயரில்லாத பையில் கறவை மாட்டுக்கு விற்பார். அரைத்த பிறகு அதில் எந்த விதை இருந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. கறவை மாட்டுத் தீவனத்தில் அஃப்ளடாக்சின் பி1 ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தர நிர்ணய வரம்பு. அது மாறுபட்ட வடிவில் பாலிலும் இறங்கும். நாமக்கல் ஆய்வக அறிக்கையின் நகல் ஒன்றை மூட்டையோடு இணைத்துக் கொடுத்து, அதற்கேற்ற விலையைக் கேளுங்கள்.